வாக்குச் சாவடியின் வரவு செலவு

சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத் தேர்தல் 1951ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் தொடங்கி, 1952 பிப்ரவரி 21ஆம் நாள் முடிவுற்றது. வாக்காளர் பட்டியலில் 17 கோடியே 32 லட்சம் பேர் இடம்பெற்றிருந்தனர். நூற்றுக்கு இருபது பேர்கூட எழுத்தறியாத நாடாக அன்று நம் நாடு இருந்தது. ஆதலால், அபேட்சகர் என்று அந்நாளில் வழங்கப்பட்ட வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு பெட்டியை வைத்து, அதன்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டி, வாக்காளர் தமக்கு விருப்பமானவருடைய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரும்படி ஏற்பாடு செய்தார்கள். சீட்டில் குறி எதுவும் இடவேண்டியதில்லை. எழுத்தறியாதவருக்கு இதைவிட எளிய முறை வேறில்லை. ஆனால் ஒரு சாவடியில் ஏழு வேட்பாளர் என்றால் ஏழு பெட்டிகள் வேண்டும். அந்தப் பெட்டிகளுக்கு மட்டும் 8,200 டன் எஃகு செலவாயிற்று. தேர்தலுக்காக அரசாங்கம் செய்த செலவு 10 கோடியே 45 லட்சம் ரூபாய். வாக்காளர் ஒருவருக்குப் பத்தணாவுக்குச் சற்றுக் குறைவு என்று கணக்காகிறது.

2014ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலுக்கு ஆன செலவு ஏறத்தாழ 3,870 கோடி ரூபாய். வாக்காளர் 83 கோடியே 40 லட்சம் பேர். தலைக்கு 46 ரூபாய். பத்தணா 46 ரூபாயாக உயர்ந்துவிட்டதே என்று திகைப்பதற்கு முன், இடைப்பட்ட அறுபத்திரண்டு ஆண்டுகளில் அரிசியின் விலையும் ஆசிரியரின் சம்பளமும் எத்தனை மடங்கு பெருகின என்பதையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். வெறும் தொகையை ஒப்பிடுவதால் விளையும் பயன் சொற்பம். எந்த முறை மாற்றத்தால் எந்தச் செலவு குறைந்தது, எந்தச் செலவு புதிதாக முளைத்தது, அதை யார் தலையில் வைத்தார்கள் என்று பார்ப்பதே பயனுடையது. தமிழகத்தை விட்டு வெளியே பிழைப்பு நடத்தும் நம்மவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வி மிகவும் நெருக்கமானது.

முதலில், உண்மையாகவே மிச்சமான பணத்தைச் சொல்லிவிடுவோம். 1957ஆம் ஆண்டு இரண்டாவது பொதுத் தேர்தலுக்கு ஆன செலவு 5 கோடியே 90 லட்சம். முதல் தேர்தலைவிட ஏறக்குறைய நாலரைக் கோடி குறைவு. மாயம் ஒன்றுமில்லை. முதல் தேர்தல் ஆணையராகிய சுகுமார் சென் அவர்கள் பழைய பெட்டிகளைப் பழுதுபடாமல் பாதுகாத்து வைக்கச் செய்திருந்தார். இரண்டாம் முறை புதிதாகச் செய்ய வேண்டிய பெட்டிகள் கொஞ்சமே. தீபாவளிக்கு வாங்கிய பித்தளைப் பாத்திரத்தைத் துலக்கிப் பரணில் வைத்திருந்து, அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் புழங்கும் வீட்டுப் பெரியவரின் சிக்கனம் அது. நாட்டின் தேர்தல் வரலாற்றில் இதைப்போல யாருக்கும் இழப்பில்லாமல் கிடைத்த சேமிப்பு மிக அரிது.

அடுத்து வந்தது குறியிடும் முறை. எல்லா வேட்பாளர்களின் பெயரையும் சின்னத்தையும் ஒரே சீட்டில் அச்சிட்டு, வாக்காளர் அதில் முத்திரையிட்டுப் பொதுப் பெட்டியில் போடும் முறை 1962ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பரவலாக வந்தது. பெட்டிகளின் எண்ணிக்கை சுருங்கியது. அவற்றைச் சுமக்கும் வண்டிச் சத்தமும் கூலியும் சுருங்கின. ஆனால் தொகுதிக்குத் தொகுதி வேறு வேறு சீட்டு அச்சிட வேண்டியதாயிற்று. எண்ணுமிடத்தில் ஒவ்வொரு சீட்டையும் விரித்துப் பார்த்து, எந்தச் சின்னத்தின்மேல் முத்திரை விழுந்திருக்கிறது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. இரு சின்னங்களுக்கு நடுவே முத்திரை விழுந்த சீட்டுகளைப் பற்றி நடந்த வாக்குவாதங்களுக்கு அளவில்லை. எஃகில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி காகிதத்துக்கும், எண்ணுவோரின் இரவு உழைப்புக்கும் போயிற்று. செல்லாமற்போன வாக்குகளின் நஷ்டத்தையோ எந்தக் கணக்கும் காட்டவில்லை; அது வாக்காளருடைய நஷ்டம்.

சேமிப்பின் பொருட்டு விதியைத் திருத்துவதும் உண்டு. 1996ஆம் ஆண்டு நம் தமிழகத்தில், ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் போட்டியிட்டனர். விவசாயிகள் தங்கள் குறைகளை நாடறியச் செய்வதற்காகத் திரண்டு வந்து மனுத் தாக்கல் செய்தார்கள். சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று. தேர்தலையும் தள்ளிவைக்க நேர்ந்தது. அவ்வாண்டு மக்களவைத் தேர்தலிலும் நாடெங்கும் 13,952 பேர் போட்டியிட்டார்கள். உடனே சட்டம் திருத்தப்பட்டது. மக்களவை வேட்பாளரின் வைப்புத் தொகை 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும், சட்டமன்ற வேட்பாளரின் வைப்புத் தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும் உயர்ந்தன. பிரசாரத்துக்குரிய காலமும் இருபது நாளிலிருந்து பதினான்கு நாளாகக் குறைந்தது. 1998ஆம் ஆண்டுத் தேர்தலில் வேட்பாளர் எண்ணிக்கை 4,750 ஆகச் சுருங்கிவிட்டது. காகிதமும் அச்சுக்கூலியும் மிச்சந்தான். ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு விலை கொடுத்தவர்கள், பத்தாயிரம் ரூபாய் கட்டச் சக்தியற்ற வேட்பாளர்கள். அவர்களிலும் பலர் விளையாட்டாக நின்றவர்கள் என்பது உண்மையே. எல்லாரும் அப்படி என்று சொல்வதற்கில்லை. பின்னும் 2019ஆம் ஆண்டில், தெலங்கானாவின் நிஜாமாபாத் தொகுதியில் உயர்ந்த வைப்புத் தொகையையும் கட்டிவிட்டு மஞ்சள் விவசாயிகள் திரளாக நின்றார்கள். அங்கே வேட்பாளர் 185 பேர். சாவடிக்குப் பன்னிரண்டு வாக்குப்பதிவுப் பொறிகளை வரிசையாக வைக்க நேர்ந்தது.

பொறி என்றவுடன் மின்னணு இயந்திரத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 1982ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள், கேரளத்தின் பறவூர் தொகுதியில் 50 சாவடிகளில் இயந்திரம் சோதனையாக வைக்கப்பட்டது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த 50 சாவடிகளிலும் பழைய சீட்டு முறையில் மறுபடியும் வாக்குப்பதிவு நடத்தினார்கள். சட்டத்துக்கு முன்னால் சிக்கனம் ஓடினால் ஒரே வேலைக்கு இருமுறை செலவழிக்க நேரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். 1988 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. 1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டில்லி ஆகிய இடங்களில் 16 சட்டமன்றத் தொகுதிகளிலும், 2001இல் தமிழகம், கேரளம், புதுச்சேரி, மேற்கு வங்காளம் ஆகியவற்றின் எல்லாத் தொகுதிகளிலும், 2004இல் மக்களவைத் தொகுதிகள் அனைத்திலும் இயந்திரம் வந்து சேர்ந்தது.

1999ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குச் சீட்டுகளுக்கு மட்டும் சுமார் 7,700 டன் காகிதம் செலவாகியிருந்தது. இயந்திரம் வந்ததும் அது தேவையற்றதாயிற்று. இரவு பகலாக நடந்த எண்ணிக்கை சில மணி நேரத்தில் முடிந்தது. செல்லாத வாக்கு என்ற பேச்சே சாவடியைப் பொறுத்தவரை மறைந்தது. 2006 முதல் 2010 வரை தயாரான இயந்திரத்தின் விலை 8,670 ரூபாய். ஆயுள் பதினைந்து ஆண்டு. ஆயுள் முழுவதற்கும் பகிர்ந்து பார்த்தால் மலிவுதான். ஆயினும் காகிதப் பெட்டிக்குப் பூட்டும் அரக்கும் போதும். இயந்திரத்துக்கோ தேர்தல் இல்லாத காலத்திலும் பாதுகாப்பான கிடங்கு வேண்டும், காவல் வேண்டும், ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னும் பொறியாளர் வந்து சோதிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய செலவு ஒன்று பின்னால் வந்தது. தாம் அழுத்திய பொத்தானுக்குரிய வாக்கே பதிவாயிற்றா என்று வாக்காளர் தம் கண்ணால் காண வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 2013ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கண்ணாடிக்குப் பின்னே ஏழு விநாடி தோன்றிப் பெட்டிக்குள் விழும் காகிதச் சீட்டுப் பொறி அவ்வாறே பிறந்தது. அத்தகைய பொறிகள் 16 லட்சத்து 15 ஆயிரம் வாங்குவதற்கு 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் மத்திய அமைச்சரவை அனுமதித்த தொகை 3,173 கோடியே 47 லட்சம் ரூபாய். காகிதத்தை ஒழிப்பதற்காக வந்த இயந்திரத்தின் அருகில் காகிதம் திரும்பவும் வந்து அமர்ந்துகொண்டது. இதை வீண் செலவென்று சிலர் கூறுகின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தோற்றவன் தன் தோல்வியை ஒப்புக்கொள்ளும்படி செய்வதற்கே தேர்தல் நடக்கிறது. அந்த ஒப்புதலுக்கு ஆகும் செலவைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றில் மிச்சம் பிடித்து என்ன பயன்?

நிற்க. இந்தச் செலவுகளை ஏற்பவர் யார் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். மக்களவைத் தேர்தலின் செலவு முழுவதும் மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்தது. சட்டமன்றத் தேர்தலின் செலவு அந்தந்த மாநில அரசாங்கத்தைச் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்து நடந்தால் பாதிக்குப் பாதி. மூன்றாவதாக ஒரு பங்காளி உண்டு. சாவடிக்குத் தம் சொந்தச் செலவில் வந்து சேரும் வாக்காளரே அவர். அவருடைய பங்கு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் ஏறுவதில்லை.

சாதாரணமாக அந்தப் பங்கு அற்பமானது. சாவடி இரண்டு கிலோ மீட்டர் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையம் வகுத்துக்கொண்ட நெறி. அதைக் காப்பதற்கு அது படும் பாடு பாராட்டத்தக்கது. 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் அருணாசலப் பிரதேசத்தின் மாலோகம் என்னும் மலைச் சிற்றூரில் ஒரே ஒரு பெண் வாக்காளருக்காக, அதிகாரிகள் குழு ஒன்று ஏறத்தாழ நாற்பது கிலோ மீட்டர் மலைவழியே இயந்திரத்தைச் சுமந்து சென்றது. குஜராத்தில் சிங்கங்கள் உலவும் கிர் காட்டுக்குள் பானேஜ் என்னும் இடத்திலும் ஒருவருக்காக ஒரு சாவடி அமைக்கப்படுகிறது. அதே 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் 85 வயதைக் கடந்தவர்கள், நூற்றுக்கு நாற்பது பங்குக்குக் குறையாத ஊனமுற்றவர்கள் ஆகியோருடைய வீட்டுக்கே அதிகாரிகள் சென்று வாக்கைப் பெற்று வந்தார்கள். இவையெல்லாம் தலைக்கு 46 ரூபாய் என்ற சராசரியை எத்தனையோ மடங்கு மிஞ்சும் செலவுகள். அவற்றை யாரும் குறைகூறவில்லை, கூறவும் கூடாது.

அப்படியானால், பட்டியலில் பெயர் திருநெல்வேலியிலும் வேலை டில்லியிலுமாக வாழ்பவருடைய நிலை என்ன? டில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஒன்றரை நாள் ஆகிறது. அதற்கப்பால் திருநெல்வேலிக்கு மேலும் ஓர் இரவு. போக வர நான்கு நாள் வேலை போய்விடும். நாட்கூலி 700 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால் 2,800 ரூபாய்க் கூலி நஷ்டம். ரயில் கட்டணமும் வழிச்செலவும் தனி. வாக்குப்பதிவு நாளன்று ஊதியத்துடன் விடுமுறை அளிக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. தொகுதிக்கு வெளியே வேலை செய்பவருக்கும் அது உரியதே. ஆனால் அந்த விடுமுறை ஒரு நாளுக்கு மட்டுமே. ரயிலில் கழியும் மற்ற நாட்களுக்கு எந்தச் சட்டமும் கூலி தருவதில்லை. அரசாங்கம் 46 ரூபாயில் முடிக்கும் காரியத்துக்கு இவர் மூவாயிரத்துக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. தாராவியிலும் சூரத்திலும் பெங்களூரிலும் உள்ள நம்மவர் பலர், இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பாராமலே, மனத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, போகாமல் இருந்துவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் பட்டியலில் பெயரிருந்தும் வாக்களியாதவர்கள் ஏறக்குறைய 30 கோடிப் பேர். வெளியூரில் வேலை செய்வோரும் அவர்களுள் அடங்குவர்.

தேர்தல் ஆணையம் இதை அறியாமலில்லை. 2022 டிசம்பர் 29ஆம் நாள், தொலைவிலிருந்தே வாக்களிப்பதற்குரிய இயந்திரத்தின் மாதிரி ஒன்றைத் தான் உருவாக்கியிருப்பதாக அறிவித்தது. ஒரே பொறியில் 72 தொகுதிகளின் வாக்குகளைப் பெறலாம். மும்பையில் ஒரு சாவடி அமைத்தால், அங்கே மதுரைத் தொகுதியின் வாக்காளரும் தஞ்சைத் தொகுதியின் வாக்காளரும் தத்தம் வேட்பாளர்களுக்கு வாக்களிக்கலாம் என்பது திட்டம். 2023 ஜனவரி 16ஆம் நாள் அரசியல் கட்சிகளை அழைத்துக் காட்டினார்கள். எதிர்க் கட்சிகள் பல கேள்விகளை எழுப்பின. புலம்பெயர்ந்த தொழிலாளி என்று யாரைக் கருதுவது? தேர்தல் நடவாத மாநிலத்தில் நடத்தை விதிகளை எப்படிச் செலுத்துவது? தமிழகத்துச் சிறு கட்சி ஒன்று மும்பையிலும் கொல்கத்தாவிலும் சாவடி முகவர்களை எவ்வாறு நியமிக்கும்? 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் அந்த இயந்திரம் இல்லாமலே நடந்தது.

அந்தக் கேள்விகள் அற்பமானவை அல்ல. முகவர் இல்லாத சாவடியில் விழும் வாக்கை யாரும் நம்பமாட்டார்கள். நம்பிக்கைக்காக மூவாயிரம் கோடி செலவழித்த நாட்டுக்கு இது நன்கு தெரியும். ஆனால் செலவைக் காரணம் காட்டி இத்திட்டத்தை மறுப்பவர்கள், தொழிலாளியின் பையிலிருந்து போகும் ரயில் கட்டணத்தையும் கூலியையும் தராசின் மற்றொரு தட்டில் வைத்துப் பார்த்த பிறகு மறுக்கட்டும். தொலைச் சாவடியினால் நாட்டின் மொத்தச் செலவு கூடுமா குறையுமா என்பதை அப்போதுதான் தீர்மானிக்க முடியும்.

ஒரே காலத்தில் மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் தேர்தல் நடத்தும் யோசனையையும் இந்தத் தராசில் இடலாம். இது புதிய முறையன்று. 1951-52 முதல் 1967 வரை நான்கு தேர்தல்கள் பெரும்பாலும் அவ்வாறே நடந்தன. பின்பு சில சட்டமன்றங்கள் இடையிலேயே கலைந்தன, 1970இல் மக்களவையும் கலைந்தது, வரிசை குலைந்துவிட்டது. மீண்டும் ஒன்றாக்கலாம் என்று முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தலைமையிலான குழு 2024 மார்ச் 14இல் பரிந்துரைத்தது. அதற்கான அரசியல் சட்டத் திருத்த மசோதா 2024 டிசம்பர் 17இல் மக்களவையில் அறிமுகமாகி, பின்னர்க் கூட்டுக் குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. கூட்டாட்சிக்கு இது நன்மையா தீமையா என்ற வழக்கு இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. செலவை மட்டும் பார்ப்போம். ஒரே சாவடி, ஒரே ஊழியர், ஒரே காவல் என்பவை தெளிவான மிச்சம். ஆனால் ஒரே நாளில் சாவடிக்கு இரண்டு இயந்திரங்கள் வேண்டும். பதினைந்து ஆண்டுக்கொரு முறை இயந்திரங்களுக்காகவே ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய் தேவைப்படும் என்று தேர்தல் ஆணையம் மதிப்பிட்டிருக்கிறது. வெளியூரில் வாழ்பவருக்கோ ஐந்தாண்டில் இரண்டு பயணம் ஒன்றாகும். அவரளவில் அது கண்கூடான லாபம். இடையில் சட்டமன்றம் கலைந்தால், எஞ்சிய காலத்துக்கு மட்டும் புதிய சபையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மசோதா கூறுவதால், அந்த லாபமும் உறுதியானதன்று.

இவை எல்லாம் வருங்காலத்தைப் பற்றியவை. இன்றுள்ள சட்டம் என்ன சொல்கிறது? ஒருவர் சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் அவர் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். சொந்த ஊரில் வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவர் அவ்வூரில் வசிப்பவர் ஆகிவிடமாட்டார் என்று 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு திட்டமாகக் கூறுகிறது. தற்காலிகமாக வெளியூர் சென்றிருப்பதால் மட்டும் ஊரில் வசிப்பவர் என்ற உரிமை போய்விடாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. நம்மவரில் பெரும்பாலோர் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே வாழ்கிறார்கள். ஆறு மாதக் கட்டட வேலைக்கு வந்தவர் எந்தப் பக்கம் என்பது தெளிவு. முப்பது ஆண்டுகளாக ஜாம்ஷெட்பூரில் குடியிருப்பவர் எந்தப் பக்கம் என்பதும் தெளிவு. பத்தாண்டுகளாக டில்லியில் வேலை, பெற்றோர் ஊரில், பங்குனித் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் பயணம் என்றிருப்பவர் என்ன செய்வார்?

இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாத காலம் வந்துவிட்டது. 2025ஆம் ஆண்டு பீகாரில் நடந்த தீவிரத் திருத்தத்தில், வரைவுப் பட்டியலிலிருந்து சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. அவற்றுள் ஏறத்தாழ 36 லட்சம் பெயர்கள், நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர் அல்லது விசாரித்த இடத்தில் காணப்படாதவர் என்ற காரணத்தால் விடுபட்டவை. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் தொடங்கிய இரண்டாம் கட்டத் திருத்தத்தில் தமிழகமும் சேர்க்கப்பட்டது. வீட்டுக்கு அதிகாரி வந்தபோது ஊரில் இல்லாதவரின் பெயர் அங்கே நீங்கியும், வாழும் ஊரில் சேராமலும் போனால், அவருடைய வாக்கு இரண்டு இடத்திலும் இல்லாமற்போகும்.

வாழும் ஊருக்குப் பெயரை மாற்றிக்கொள்ள விரும்புவோர் படிவம் 8ஐ அளிக்க வேண்டும். ஒரு தொகுதியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்கும் 2022 ஆகஸ்டு முதல் அதே படிவம் பயன்படுகிறது. எந்தப் பட்டியலிலும் பெயரில்லாதவர்களுக்குப் படிவம் 6. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாளைக் கணக்காகக் கொண்டு ஆண்டுக்கு நான்கு முறை வயதுத் தகுதி பார்க்கப்படுகிறது. இரண்டு இடங்களில் பெயரை வைத்துக்கொள்வது சட்டத்துக்கு விரோதம். பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. படிவத்துக்குக் கட்டணம் ஏதுமில்லை.